சமூக மன்றத்தில் ரயில் மாதிரிப் பயிலரங்கு வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அப்பா சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவர். 2011 ஜூன் 30 இரவு அங்கிருந்து கடைசி ரயில் புறப்பட்டபோது நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன்.

ஒரு மீட்டர் அகலமுள்ள அந்த ரயில் பாதையின் நினைவாக 1:87 அளவில் (அசலில் 87-இல் ஒரு பங்கு), நாமே பூட்டிச் செய்யும் நீராவி எஞ்சின் மாதிரி ஒன்று வாங்கினேன். அது 12 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்துக்கானது. பேரனிடம் இருப்பதோ 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம், நம் எம்ஆர்டி நகர ரயில் ஓடும் 1,435 மில்லிமீட்டர் அகலத்தின் சிறு வடிவம். அதில் ஓடும்படி நீளமான அச்சு போட்டுச் சக்கரங்களைப் பக்கத்துக்கு 2.25 மில்லிமீட்டர் வெளியே தள்ளினேன். உடனே இணைப்புத் தண்டு சிலிண்டரில் உரசியது. பிளாஸ்டிக் தகடு வைத்து சிலிண்டரையும் நகர்த்த மூன்று வாரம் பிடித்தது. முதல் சுற்று ஓடி முடியும்வரை பேரன் கண் இமைக்கவில்லை.

பள்ளி விடுமுறையில் சமூக மன்றங்கள் இதற்கொரு பயிலரங்கு நடத்தலாமே? பிள்ளைகளுக்கு அரம் பிடிக்கக் கற்றுத்தர நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாத்தா, புக்கிட் பாத்தோக்