செவ்வாய்க் கூடத்தில் ஓர் இறக்கை கூடுதல்

எங்கள் பகுதி அறிவியல் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. போன மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 31 பேரை உங்கள் செவ்வாய்க் கூடத்துக்கு அழைத்து வந்தேன். வண்டி வாடகைக்காக ஒவ்வொரு வீட்டிலும் நூறு ரூபாய் கொடுத்திருந்தார்கள். அதில் பல வீடுகள் நூறுநாள் வேலையை நம்பி இருப்பவை. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

நுழைந்ததுமே, இந்தியா செவ்வாய்க்கு அனுப்பிய மங்கள்யான் கலத்தின் மாதிரி உருவம், தங்க நிறத் தாள் போர்த்திக் கூரையிலிருந்து தொங்குகிறது. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார்கள். ஒருத்தி மட்டும் என் முந்தானையை இழுத்து, "டீச்சர், நம்ம கிளாஸ்ல ஒட்டியிருக்கற படத்துல ஒரு பக்கம்தானே இறக்கை இருக்கு? இங்க ரெண்டு பக்கமும் வச்சிருக்காங்களே" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. மங்கள்யானின் மூன்று சூரியத் தகடுகளும் ஒரே பக்கமாக நீண்டிருந்தவை. செவ்வாய்க்குக் கிடைக்கும் வெயில் நமக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை, அதனால்தான் அத்தனை பெரிய தகடுகள். இரண்டாயிரம் ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் அச்சிட்ட கலத்துக்கு, நீங்கள் ஓர் இறக்கையைக் கூட்டி மாட்டியிருக்கிறீர்கள்.

அங்கிருந்த பணியாளரிடம் சொன்னோம். "மாடல்தானேம்மா, நகருங்க, அடுத்த ஸ்கூல் நிக்குது" என்றார். கூட்ட நேரம், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் சரியாகப் பார்த்த ஒரு குழந்தை தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள். அதை என்னால் மறக்க முடியவில்லை.

மாதிரிக்குக் கீழே தமிழில் இருப்பது நான்கே வரி: ஏவிய நாள் 5 நவம்பர் 2013, செலவு 450 கோடி, முதல் முயற்சியிலேயே வெற்றி, பெருமை. மற்றதெல்லாம் ஆங்கிலம். கதை இருக்கும் இடத்தைத் தொடவே இல்லையே! பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்குக் கலத்தை நேரே செவ்வாய்க்கு எறியும் பலம் கிடையாது. அதனால் பூமியையே சுற்ற விட்டு, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உந்தி உயர்த்தினார்கள். நான்காவது உந்தலில் வேகம் போதவில்லை; மறுநாளே இன்னொரு முறை எஞ்சினை எரித்து ஈடுகட்டினார்கள். பிறகு அந்தப் பெரிய எஞ்சின் ஏறக்குறைய 300 நாள் தூங்கியது. எழுமா என்று பார்க்க, 2014 செப்டம்பர் 22 அன்று நான்கே விநாடி எரித்துப் பார்த்தார்கள். 24ஆம் தேதி காலை 7:17க்கு, வேகத்தைக் குறைத்துச் செவ்வாயைச் சுற்றத் தொடங்குவதற்காக, அது மறுபடி எரியத் தொடங்கியது. கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்துவிட்டது. அங்கிருந்து ஒரு சேதி நம்மை எட்டவே பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். பெங்களூர்க் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களால் காத்திருக்க மட்டும்தான் முடிந்தது. திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் நெல்லைச் சீமைக்காரர் என்றதும் எங்கள் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் பெயர் உங்கள் பலகையில் இல்லை.

அந்தக் காத்திருப்பைப் பிள்ளைகள் உணர வழி செய்யுங்கள். கயிறு கட்டி வைத்திருக்கும் அந்தச் செம்மண் திடலைத் திறந்துவிடுங்கள். ஒரு சிறிய ஊர்தி, பொத்தானை அழுத்தினால் பன்னிரண்டு விநாடி கழித்து நகரட்டும். பள்ளத்தில் விழும், கல்லில் முட்டும். செவ்வாயில் ஊர்தியை ஏன் பொம்மைக் கார் போல ஓட்ட முடியாது என்பது கைக்கே புரிந்துவிடும்.

தோற்றுப்போன கலங்களுக்கும் ஒரு சுவர் கொடுங்கள். 1999இல் நாசாவின் செவ்வாய்த் தட்பவெப்பக் கலம் அழிந்துபோனது. உந்துவிசைக் கணக்கை ஒரு குழு பவுண்டில் தந்தது, இன்னொரு குழு அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. அலகு எழுதாத விடைக்கு நான் மதிப்பெண் குறைக்கும்போதெல்லாம் "ஏன் டீச்சர்?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, அந்தச் சுவரைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

முதல் வேலையாக அந்தக் கூடுதல் இறக்கையைக் கழற்றுங்கள். தமிழ்ப் பலகைகளுக்கு ஆள் இல்லை என்றால் நாங்கள் எழுதித் தருகிறோம். நான்கு பிள்ளைகள் ஏற்கெனவே நோட்டில் தொடங்கிவிட்டார்கள். கழற்றிய பிறகு பள்ளிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். காலை வழிபாட்டில் அந்த மாணவியையே வாசிக்கச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை