‘யாரோ ஒரு தபால்துறை ஊழியர்’

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் இதழில் வரும் உளவுத் தொடரின் சென்ற வாரப் பகுதியைப் படித்தேன். வழக்கம்போல் தொப்பி போட்ட பெண், கையில் துப்பாக்கி, பின்னால் ஈபிள் கோபுரம். அது ஓவியர் பாடு, நான் தலையிடவில்லை. ஆனால் மூன்றாவது பத்தியில் ஒரு வரி இருக்கிறது: “ஆலன் டூரிங், யாரோ ஒரு தபால்துறை ஊழியரின் உதவியுடன் கொலோசஸ் என்ற கம்ப்யூட்டரை உருவாக்கி, ஹிட்லரின் எனிக்மாவை உடைத்தார்.” ஒரே வரியில் இத்தனை தப்பு வைக்கவும் ஒரு கைத்திறன் வேண்டும்.

தாங்கள் அறியாதது அல்ல, இருந்தாலும் எழுதுகிறேன். அந்த ‘யாரோ’வுக்கு ஒரு பெயர் உண்டு. டாமி ஃபிளவர்ஸ். 1905-ல் கிழக்கு லண்டனில் ஒரு கொத்தனாருக்கு மகனாகப் பிறந்து, பகலில் பட்டறையில் தொழில் பழகி, ராத்திரி வகுப்பில் படித்து இன்ஜினியர் ஆனவர். பிரிட்டனில் தபால், தந்தி, டெலிபோன் மூன்றும் அப்போது ஒரே துறை, இங்கே பி அண்ட் டி என்ற தபால் தந்தி இலாகா இருந்த மாதிரி. அந்தத் துறையின் டாலிஸ் ஹில் ஆராய்ச்சி நிலையத்தில் எக்ஸ்சேஞ்ச் வேலைக்கு, பழைய ரேடியோவில் இருந்த மாதிரி கண்ணாடி வால்வுகளைப் பயன்படுத்த முடியுமா என்று யுத்தத்துக்கு முன்பே பார்த்துக்கொண்டிருந்தவர். கொலோசஸைக் கட்டியது அவரும் அவருடைய ஆட்களும்தான். டூரிங் அல்ல. டூரிங் மீது எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பிளெட்ச்லி பார்க் என்ற பிரிட்டிஷ் ரகசியக் குறியுடைப்பு நிலையத்தில் இருந்த கணித நிபுணர் மேக்ஸ் நியூமேனிடம் ஃபிளவர்ஸை அனுப்பி வைத்த புண்ணியவானே அவர்தான்.

அடுத்தது, ஜெர்மன் ராணுவத்தின் ரகசிய எழுத்து இயந்திரமான எனிக்மாவைக் கொலோசஸ் உடைக்கவே இல்லை. எனிக்மாவின் உள் வயரிங்கை 1932-லேயே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தவர் மரியன் ரெயெவ்ஸ்கி என்ற போலந்துக்காரர். 1939 ஜூலையில், யுத்தம் வருவதற்குச் சில வாரம் முன்பு, போலந்துக்காரர்கள் தங்கள் வித்தை முழுவதையும் வார்சா பக்கத்துக் காட்டில் வைத்து பிரிட்டிஷாரிடமும் பிரெஞ்சுக்காரர்களிடமும் கொடுத்தார்கள். அதற்கு மேல் கட்டியதுதான் டூரிங்கும் வெல்ச்மேனும் வடிவமைத்த பாம்ப் இயந்திரம். யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய ரெயெவ்ஸ்கி ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதிப் பிழைத்தார். தங்கள் கட்டுரையில் போலந்து என்ற நாடே இல்லை. தாங்கள் ‘கொலோசஸ்’ என்று போட்டிருக்கும் படமும் பாம்ப் இயந்திரம்தான். வரிசை வரிசையாக வட்ட உருளைகள் தெரிகின்றனவே! கொலோசஸில் உருளை கிடையாது. ஒரு பக்கம் கப்பிகள், அவற்றின் மேல் ஓடும் காகித டேப், மறுபக்கம் ரேக் ரேக்காக வால்வு.

கொலோசஸ் உடைத்தது லோரென்ஸ் என்ற வேறொரு ரகசிய எழுத்து இயந்திரத்தை. ஹிட்லரின் தலைமையகமும் தளபதிகளும் பேசிக்கொள்ள டெலிபிரிண்டரோடு இணைத்திருந்த பன்னிரண்டு சக்கரக் கருவி அது. அதைக் கண்ணால் பார்க்காமலே, ஒரு ஜெர்மன் ஆபரேட்டர் ஒரே செட்டிங்கில் நீளமான செய்தியை இரண்டு தரம் அனுப்பிய அசட்டுத்தனத்தை வைத்தே, பில் டட் என்ற இளைஞர் அதன் அமைப்பைக் கணித்துவிட்டார். பிறகு அன்றாடம் சக்கரங்களின் நிலையைக் கண்டுபிடிக்க ஒரு இயந்திரம் வைத்தார்கள். அதில் இரண்டு டேப்பை ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டும். டேப் நீளும், நழுவும், அறுந்துபோகும். டெலிபிரிண்டரின் ஐந்து துளை டேப்போடு மல்லுக்கட்டியவன் நான், எனக்குத் தெரியும் அந்த அவஸ்தை.

ஃபிளவர்ஸ் சொன்னார்: ஒரு டேப்பை எடுத்துவிடுங்கள், அதன் வேலையை வால்வுகள் செய்யட்டும். ஆயிரத்துக்கு மேல் வால்வா, ஒன்று போனால் எல்லாம் போச்சே என்று பிளெட்ச்லி பெரியவர்கள் கையை விரித்தார்கள். மனுஷர் அசரவில்லை. டாலிஸ் ஹில்லுக்குத் திரும்பி, சொந்தக் காசையும் போட்டு, ஒரு வருஷத்துக்குள் முடித்து, 1944 ஜனவரியில் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். சுமார் 1,600 வால்வு, நொடிக்கு 5,000 எழுத்து.

அவருக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? இதைத்தான் தங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்க வேண்டும். வால்வு ஓடும்போது சாவது அபூர்வம், அணைத்துப் போடும்போதுதான் பெரும்பாலும் சாகும். நான் வேலைக்குச் சேர்ந்த அறுபதுகளில் வெளியூர் அழைப்புகளைக் கடத்தும் கேரியர் ஸ்டேஷனில் வால்வு ஆம்ப்ளிஃபயர்கள்தான். தீபாவளியோ புயலோ, வால்வுக்குள் இருக்கும் ஹீட்டரை அணைக்கக் கூடாது. மின்சாரம் போனால் பேட்டரி, அது இறங்குவதற்குள் ஜெனரேட்டர். புதிதாக வந்த பையன் ஒருவன் சிக்கனம் என்று நினைத்து ராத்திரி ஒரு வால்வு ரேக்கை அணைத்துவிட்டான். காலையில் போட்டதும் வரிசையாக வால்வுகள் வாயைப் பிளந்துவிட்டன. எங்கள் மேஸ்திரி அவனைத் திட்டிய வார்த்தைகளைத் தங்கள் இதழ் அச்சிடாது. கேம்பிரிட்ஜ் கணித மேதைகளுக்குத் தெரியாத இந்தச் சங்கதி டெலிபோன்காரனுக்குத் தெரிந்திருந்தது.

அதே கட்டுரையில் இன்னொரு முத்து: “டெலிபோன் ஊழியரைக் கைக்குள் போட்டுக்கொண்டால் யார் பேச்சையும் ஒட்டுக்கேட்கலாம், அன்றும் இன்றும் இதுவே வழக்கம்.” ரொம்ப நன்றி. கல்யாண வீடுகளில் சாம்பார் பரிமாறுகிறவர்கூட என்னிடம் இதைத்தான் கேட்பார்: “நீங்கள்லாம் உட்கார்ந்து கேட்பீங்களாமே சார்?” எழுபதுகளின் நடுவில், நாடு இருந்த நிலையைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஒரு சாயங்காலம் சஃபாரி சூட் போட்ட ஒருவர் எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். ஒரு நம்பரைச் சொல்லி, எல்லா டெலிபோன் வயர்களும் வந்து சேரும் எம்.டி.எஃப். சட்டத்தில், ஒட்டுக்கேட்க வசதியாக ஒரு இணை வயர் (ஜம்பர்) போடச் சொன்னார். 1885-ஆம் வருஷத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவின்படி எழுத்தில் உத்தரவு எங்கே என்று கேட்டேன். “மேலே பேசியாச்சு” என்றார். மேலே பேசியதைக் கீழே எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். சிரித்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் மாற்றல் உத்தரவு வந்தது, அது மட்டும் எழுத்தில். பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊர் மாறினோம். ஒட்டுக்கேட்பதென்றால் உள்துறைச் செயலர் மட்டத்தில் உத்தரவு வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் அழுத்திச் சொன்னது 1996-ல்தான். அதற்கு முன்பே ஜம்பரைத் தொட மறுத்தவர்கள் எங்கள் துறையில் இருந்தார்கள். அவர்களைப் பற்றித் தொடர் எழுத ஆள் கிடைக்காது, தொப்பி இல்லையே.

ஃபிளவர்ஸுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? 1,000 பவுண்டு. போட்ட காசுக்கே போதவில்லை. யுத்தம் முடிந்தபோது பத்து கொலோசஸ் இருந்தன. எட்டைப் பிரித்துப் போட்டார்கள். வரைபடங்களை அவர் கையாலேயே உலையில் போடச் சொன்னார்கள், போட்டார். பிறகு அதுபோல் ஒன்று கட்ட வங்கிக் கடன் கேட்டபோது, இப்படியொரு இயந்திரம் வேலை செய்யாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஏற்கெனவே கட்டி ஓட்டியிருக்கிறேன் என்று சொல்ல வாயில்லை, ரகசியக் காப்புப் பிரமாணம். 1946-ல் அமெரிக்கர்கள் எனியாக்கைக் காட்டி இதுதான் முதல் எலெக்ட்ரானிக் கம்ப்யூட்டர் என்று பெருமைப்பட்டபோதும் மூச்சு விடவில்லை. எழுபதுகளில்தான் விஷயம் வெளியே கசிந்தது. அதற்கப்புறமும் தங்கள் இதழில் அவர் ‘யாரோ’.

என் கடிதங்களுக்குத் தாங்கள் செய்யும் மரியாதையும் எனக்குப் புதிதல்ல. 2013-ல் தந்தி சேவையை மூடியபோது எழுதினேன். ‘கட் கட’ சத்தம் நின்றுவிட்டதே என்று நான் ஒரு வரி உருகியதை மட்டும் போட்டு, கேள்விகளை எல்லாம் வெட்டி, கடைசியில் என் ஊரையும் மாற்றிவிட்டீர்கள். அரசு டெலிபோன்காரர்கள் மேஜையில் தலை வைத்துத் தூங்குவதாக வந்த கார்ட்டூனுக்கு எழுதிய பதில் எந்தக் கூடையில் போனதோ.

இப்போது நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம். கொலோசஸைக் கட்டியவர் டாமி ஃபிளவர்ஸ், அது உடைத்தது லோரென்ஸ். அவ்வளவுதான். ராசிபலனுக்கு அடியில் வேண்டாம், தொடர் வரும் பக்கத்திலேயே போடுங்கள். இடம் போதவில்லை என்றால் என் கடிதத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், அந்தப் பெயரை வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சப்-டிவிஷனல் இன்ஜினியர் (டெலிபோன்ஸ்),
திருச்சி (திருச்செந்தூர் அல்ல).