அவள் நெருங்கி வருவதற்கு முந்தைய மாதங்கள்

அன்புள்ள கண்ணா,

நேற்று இரவு நீ பேசி முடித்ததிலிருந்து எனக்கு அதே நினைவு. எலி இனத்து அந்தச் சின்ன விலங்கு, உன் சின்சில்லா, வந்து ஆறு நாளாகியும் மரப்பெட்டியை விட்டுத் தலைகாட்டவில்லை, கையை உள்ளே விட்டாலே மூலைக்கு ஓடுகிறது, "நம் வீட்டுச் சின்சில்லா பஞ்சு இப்படியா அம்மா இருந்தாள்?" என்று கேட்டாய். அதற்கு அப்போது பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன்.

நீ பார்த்த பஞ்சு வேறு, கண்ணா. விடுதியிலிருந்து முதல் விடுமுறைக்கு நீ வந்தபோது அவள் வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. தோளில் ஏறி உன் காதை முகர்ந்த பஞ்சுவைத்தான் நீ அறிவாய். அந்த ஐந்து மாதக் கதையை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

அவள் வந்த மூன்றாம் நாள் மாலை எனக்குப் பொறுமை போய்விட்டது. பெட்டியைத் தூக்கிவிட்டுப் பின்னாலிருந்து அவளைப் பிடித்தேன். கிறீச்சென்று ஒரு சத்தம். அவள் கையிலிருந்து நழுவிவிட்டாள். என் விரல்களுக்கிடையே ஒரு கொத்து ரோமம் மட்டும் இருந்தது. அடியில் நீலம் கலந்த சாம்பல், நடுவில் வெள்ளை, நுனியில் கறுப்பு. மூச்சு பட்டாலே ஆடும் அளவுக்கு மென்மை. அவள் இடுப்பில் ஒரு நாணய அளவுக்கு ரோமமே இல்லை. பிடுங்கிவிட்டேனே என்று அன்றிரவு அழுதேன். பிடிபட்டோம் என்ற அச்சத்தில் சின்சில்லா தன் ரோமத்தை உதிர்த்துவிட்டுத் தப்பும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மலையில் நரியின் வாயிலும் பருந்தின் நகத்திலும் ரோமத்தை விட்டுவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி அது. அன்று அவளுக்கு நான்தான் பருந்து. அந்த இடத்தில் ரோமம் மறுபடி நிறையப் பல மாதங்கள் ஆயின.

இந்த விலங்கின் வரலாறு தெரிந்தால் உனக்கு வருத்தம் குறையும். ஆண்டிஸ் மலைகளில் பாறை இடுக்குகளில் கூட்டமாக வாழ்ந்தவை இவை. ரோமத்துக்காகவே வேட்டையாடி ஏறக்குறைய அழித்துவிட்டார்கள். 1923இல் சுரங்கப் பொறியாளர் மத்தியாஸ் சாப்மன் சிலியிலிருந்து பதினொன்றை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். இன்று வீடுகளில் வளர்பவற்றில் பெரும்பாலானவை அவற்றின் வழிவந்தவை என்கிறார்கள். மனிதரோடு பழகி நூறாண்டுதான் ஆகிறது. அதிலும் பெரும்பகுதி ரோமத்துக்காக வளர்க்கப்பட்ட காலம். நாய்க்கு நம்மோடு இருக்கும் பழக்கம் இதற்கு எப்படி இருக்கும்? மேலிருந்து கை வந்தால் ஓட வேண்டும் என்பதுதான் அதன் உடம்புக்குத் தெரிந்த பாடம்.

அதனால் கையை மேலிருந்து கொண்டுபோகாதே. நான் பிறகு செய்ததைச் சொல்கிறேன். தினமும் இருட்டத் தொடங்கும் நேரத்தில், அவள் விழிக்கும் வேளையில், கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். என் முகம் அவள் முகத்தைவிட உயரமாக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் தரை. செய்தித்தாளைத் தாழ்ந்த குரலில் வாய்விட்டுப் படிப்பேன். அவளைப் பார்க்கமாட்டேன். முதல் வாரம் முழுக்க அவ்வளவுதான். கூண்டைத் திறக்கவே இல்லை, தீனியும் தண்ணீரும் மாற்றுவதைத் தவிர.

இரண்டாம் வாரம் கதவைத் திறந்து, உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையைத் தரையில் வைத்துவிட்டு அசையாமல் இருந்தேன். அவளுடைய அன்றாடத் தீனியிலிருந்து எடுத்த ஒரே ஒரு உருண்டை உள்ளங்கையில். முதல் நாள்களில் வரவே இல்லை; கை மரத்துப்போகும், எடுத்துவிடுவேன். பிறகு ஒரு மாலை விரல் நுனியில் ஏதோ பட்டது. மீசை ரோமம். அவ்வளவு நீண்ட மீசை, ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தது. அடுத்து ஒரு சின்னக் கடி, வலிக்காத கடி. கையை இழுத்துக்கொள்ளத் தோன்றும், கண்ணா. இழுத்துவிடாதே. பல்லால் தொட்டுப் பார்ப்பது அதற்கு விசாரிப்பது போல. நாம் வெடுக்கென்று இழுத்தால் கை மறுபடியும் பயப்பட வேண்டிய பொருளாகிவிடும். உருண்டையை முன்னங்கால்கள் இரண்டிலும் ஏந்தி, எனக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து தின்றாள். ஓடிவிடாமல் முதுகைக் காட்டினாளே என்று எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி!

உலர் திராட்சையைக் காட்டி அழைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். சர்க்கரையை இதன் குடல் தாங்காது, வாந்தி எடுக்கவும் இதற்கு முடியாது. உலர்ந்த புல்தான் இதன் சாப்பாடு. ஆயுள் முழுக்க வளரும் பற்கள் தேய்வதும் அதனால்தான்.

தூள் குளியலை மட்டும் தள்ளிப்போடாதே. எரிமலைச் சாம்பல் போன்ற நுண்ணிய தூளைக் கிண்ணத்தில் போட்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, பத்து பதினைந்து நிமிடம் வைத்துவிட்டு எடுத்துவிடு. தண்ணீர் படவே கூடாது. அவ்வளவு அடர்ந்த ரோமம் உள்ளே காயாது. கூச்சப்படும் சின்சில்லாகூட அந்தக் கிண்ணத்தைக் கண்டால் தன்னை மறந்து புரளும். நீ அருகில் இருக்கும்போதே உருண்டு வயிற்றைக் காட்டினால், அந்த இரவு எனக்குப் போன் செய், எத்தனை மணியானாலும் சரி.

உன்னுடையது பெண் என்றாய். பின்னங்கால்களில் எழுந்து நின்றால் சற்று விலகிக்கொள். பயந்த பெண் சின்சில்லா சிறுநீரைப் பீய்ச்சும், குறியும் தப்பாது. கோபித்துக்கொள்ளாதே, துடைத்துவிட்டு மறுபடி உட்கார். நள்ளிரவில் நாய்க்குட்டி போலக் குரைத்தால் அது எச்சரிக்கைக் குரல். எழுந்து போய் மெதுவாக நாலு வார்த்தை பேசு.

எப்போதாவது தூக்கியே ஆக வேண்டி வந்தால், இரண்டு கைகளையும் கீழிருந்து கொடு. ஒரு கை மார்புக்கு, ஒரு கை பின்னங்கால்களுக்கு. உன் மார்போடு அணைத்துப் பிடி.

ஒன்றை மட்டும் கூச்சம் என்று நினைத்து விட்டுவிடாதே. பகலில் ஒளிந்திருக்கலாம், ஆனால் காலையில் புல் குறைந்திருக்க வேண்டும், புழுக்கைகள் வழக்கம்போலக் கிடக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தின்னாவிட்டால் அன்றே மருத்துவரிடம் போ, இத்தகைய சிறு விலங்குகளைப் பார்க்கத் தெரிந்தவராக. அறை வெப்பம் 25 டிகிரியைத் தாண்டக் கூடாது. காது சிவந்து, மல்லாந்தோ பக்கவாட்டிலோ சரிந்து கிடந்தால் வெப்பம் தாக்கிவிட்டது என்று பொருள், அதற்கும் காத்திருக்காதே.

வாரம் ஒருமுறை எடை பார். பிடித்துத் தூக்கித் தராசில் வைக்க வேண்டாம். தூள் கிண்ணத்தைத் தராசின் மேல் வைத்து, எண்ணைச் சுழியமாக்கிவிட்டுத் தள்ளிப் போய் உட்கார். அவளாகவே ஏறுவாள். அவள் புரளத் தொடங்கும் முன் அந்த எண்ணைக் குறித்து, ஞாயிற்றுக்கிழமை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா