புகார்: 10 சிடி பாரிடோன் பெட்டி, டிட்டா ருஃபோ ஒன்றரைக் கட்டையில பாடுறார்

வணக்கம்,

போன மாசம் உங்ககிட்ட ஆர்டர் போட்டு வாங்கின பழைய ஓபரா (பாட்டாவே நடத்துற மேற்கத்திய நாடகம்) பாரிடோன் பாடகர்களோட, அதாவது நடுத்தர உசர ஆண் குரல்காரங்களோட, 10 சிடி பெட்டி பத்தி எழுதுறேன். பெட்டி உடையல, சிடில கீறல் இல்ல, சொன்ன தேதிக்கே வந்துச்சு, அதுல எல்லாம் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பிரச்சினை உள்ள இருக்கிற குரல்ல. ரெண்டு தடவை கஸ்டமர் கேருக்கு போன் பண்ணிட்டேன், ரெண்டு தடவையும் "நூறு வருஷத்து ரெக்கார்டிங் சார், பழசு அப்படித்தான் இருக்கும்"னு சொல்லி போனை வெச்சுட்டாங்க. பழசு இப்படி இருக்காதுங்க, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன், தயவுசெஞ்சு டிரான்ஸ்ஃபர் வேலை, அதாவது பழைய தட்டுல இருந்து சிடிக்கு மாத்துற வேலை பார்த்தவங்க கண்ணுல இது படணும்.

முதல் சிடி முதல் பாட்டு, இத்தாலிய பாரிடோன் டிட்டா ருஃபோ பாடின 'லார்கோ அல் ஃபாக்டோட்டம்', ரோஸினியோட 'பார்பர் ஆஃப் செவில்'ல ஃபிகாரோ மேடைக்கு வர்றப்ப பாடுறது. போட்ட பத்தாவது செகண்ட்லயே மனசு உறுத்திடுச்சு. இருபது வருஷமா கேக்குற குரல் அது. பீசாவுல பொறந்து அப்பாவோட இரும்புப் பட்டறையில வேலை பார்த்த மனுஷன், அந்த இரும்பு குரல்லயும் இருக்கும், மத்தவங்க குரல் மேல போகப் போக மெலியும், இவருக்கு மட்டும் மேல போகப் போக இன்னும் அகலமாகும், இத்தாலிக்காரங்க சிங்கக் குரல்னு சொன்னது சும்மா இல்ல. உங்க சிடில கேக்குறது யாரோ அவசரமா பஸ் பிடிக்க ஓடுற ஒரு டெனர், அதாவது பாரிடோனை விட உசரமான ஆண் குரல். ஆர்மோனியத்தை எடுத்து வெச்சுப் பார்த்தேன். அந்தப் பாட்டு எழுதப்பட்டது சி மேஜர்ல, நம்ம சுருதிக் கணக்குல ஒரு கட்டை. உங்க சிடில சுத்தமா ஒன்றரைக் கட்டை. பாரிடோனுக்கு அந்தப் பாட்டு ஏற்கெனவே உசரம், அரைக் கட்டை இறக்கிப் பாடுறவங்க உண்டு, வேணும்னு ஏத்திப் பாடினவர்னு ஒருத்தரைக் கூட நான் கேள்விப்பட்டதில்ல.

என்ன நடந்திருக்கும்னு எனக்குப் புரியுது. 78 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 78 சுத்து) தட்டுனு பொதுவா சொல்றோமே தவிர அந்தக் காலத்து தட்டு எல்லாம் 78 சுத்துல பதிவானது கிடையாது, 72, 74, 76னு கம்பெனிக்கு கம்பெனி மாறும், வருஷத்துக்கு வருஷம் மாறும். 74ல பதிவானதை 78ல ஓட்டினா கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிடும். சுருதி மட்டும் ஏறினாக்கூட பொறுத்துக்கலாம், பாட்டோட வேகம் ஏறுது, குரல்ல இயல்பா இருக்கிற அசைவு வேகமாகி ஆடு கத்துற மாதிரி ஆகுது, நெஞ்சுக்கூட்டோட அளவே சின்னதாகி ஆளே வேற ஆளா மாறிடுறார். அதே சிடில 1914ல டெனர் கருசோவும் ருஃபோவும் சேர்ந்து பாடின 'ஒதெல்லோ' ஓபரா டூயட் இருக்கு, ரெண்டு பேரும் சேர்ந்து பாடி வெளிவந்த ஒரே ரெக்கார்ட் அதுதான். ஒதெல்லோவும் இயாகோவும் பழிவாங்க சத்தியம் பண்ற இடம். சரியான வேகத்துல கேட்டா கருசோவோட டெனரே பாதி பாரிடோன் மாதிரி கருகருனு இருக்கும், அதுக்கு ருஃபோ ஈடு கொடுக்கிறப்ப எது யார் குரல்னு ஒரு நொடி குழம்பும், அந்தக் குழப்பத்துலதான் அந்த ரெக்கார்டோட அழகே இருக்கு. உங்க சிடில ரெண்டு பேரும் சண்டைக்கோழி மாதிரி கத்துறாங்க, கேட்டுட்டு எனக்கு அழுகையே வந்துச்சு.

அடுத்தது மத்தியா பாட்டிஸ்டினி. 1856ல ரோம்ல பொறந்தவர், பாரிடோன்களோட ராஜானு பேர் வாங்கினவர், டெனருக்குன்னு எழுதின 'வெர்தர்' வேஷத்தை அந்த ஓபராவுக்கு இசையமைச்ச மாஸ்னே இவருக்காகவே பாரிடோனுக்கு மாத்தி எழுதிக் கொடுத்தார். ஓபரா இசையமைப்பாளர் வெர்டி காலத்துப் பாடும் முறை எப்படி இருந்துச்சுன்னு நம்ம காதால கேக்க கிடைச்சிருக்கிற ரொம்ப கொஞ்சம் பேர்ல ஒருத்தர். 1902ல வார்சாவுல பதிவான தட்டுங்களை உங்க பெட்டியில பார்த்துட்டுத்தான் நான் காசே கொடுத்தேன். அதுல அவர் ஒரு வரியோட கடைசியில குரலை கொஞ்சம் கொஞ்சமா இறக்கி நூல் மாதிரி ஆக்கி அப்படியே காத்துல கரைய விடுவார். நீங்க ஊசிச் சத்தம் போகணும்னு போட்ட ஃபில்டர், அந்த நூலையும் இரைச்சல்னு நினைச்சு வெட்டிடுச்சு. குரல் கரையறதுக்கு பதிலா டக்குனு கதவு சாத்தின மாதிரி நிக்குது. ஊசிச் சத்தம் எங்களுக்கு ஒரு தொந்தரவே இல்லீங்க, அஞ்சு நிமிஷத்துல காது பழகிடும், வெட்டின குரல்தான் திரும்பி வராது.

இது பத்தாதுன்னு எல்லாத்துக்கும் மேல எக்கோ வேற. 1925க்கு முன்னாடி மைக் கிடையாது, ஒரு கொம்புக்குள்ள முகத்தை வெச்சு பாடுவாங்க, அந்த சின்ன ரூம்ல மூஞ்சிக்கு நேரா பாடுற நெருக்கம்தான் அந்த ரெக்கார்டுங்களோட சொத்து. அப்படிப் பாடினவரை எதுக்கு கல்யாண மண்டபத்துக்குள்ள கொண்டு போய் நிறுத்துறீங்க?

ஆறாவது சிடி, ஜுசெப்பே டி லூக்கா, அருமையா இருக்கு. 1927ல மைக் வெச்சு பதிவானதுங்க, யாரும் கை வெக்காம விட்டிருக்கீங்க. 'பட்டர்ஃப்ளை' ஓபராவுல ஷார்ப்லெஸ் வேஷத்தை முதல்ல பாடினது இவர்தான், ஜான்னி ஸ்கிக்கி வேஷத்தை முதல்ல பாடினதும் இவர்தான், கத்தாம பாடி ஜெயிச்சவர். அந்த சிடிக்கு பண்ணினதையே மத்ததுக்கும் பண்ணியிருந்தா நான் இந்த லெட்டருக்கு பதிலா நன்றிக் கடிதம் எழுதியிருப்பேன்.

பெட்டியோட வந்த புத்தகத்துலயும் தப்பு. பாரிடோன் லெனர்ட் வாரன் 1960ல வீட்ல காலமானார்னு போட்டிருக்கு. அவர் செத்தது வீட்ல இல்ல, அந்த வருஷம் மார்ச் 4, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா மேடையில, 'லா ஃபோர்சா டெல் டெஸ்டினோ' நடந்துட்டு இருக்கிறப்ப, 'ஊர்னா ஃபத்தாலே' பாட்டை முடிச்ச கொஞ்ச நேரத்துல அப்படியே விழுந்தார், வயசு 48. ருஃபோ பத்தி எழுதினதுல இத்தாலியில வாய்ப்பு குறைஞ்சதுன்னு இருக்கு. வாய்ப்பு குறையலீங்க, அவர் தங்கச்சி புருஷன், ஃபாசிஸ்டுங்களை எதிர்த்த அரசியல்வாதி மத்தேயோத்தியை 1924ல ஃபாசிஸ்டுங்க கொன்னாங்க, அதனால முசோலினியோட இத்தாலியில பாட மாட்டேன்னு அவரே விலகினார். அதை இப்படி எழுதறது அந்த மனுஷனுக்குப் பண்ற அநியாயம்.

எனக்குப் பணம் திருப்பி வேணாம். 1, 2, 3 மூணு சிடியையும் சுருதி பார்த்து சரியான வேகத்துல, ஃபில்டரும் எக்கோவும் இல்லாம மறுபடி டிரான்ஸ்ஃபர் பண்ணி மாத்திக் கொடுங்க, எந்தத் தட்டை எந்த வேகத்துல ஓட்டினீங்கன்னு புத்தகத்துல போடுங்க, வாரன், ருஃபோ பத்தின வரிகளைத் திருத்துங்க. அது முடியுற வரைக்கும் இந்தப் பெட்டியை விக்காதீங்க, ருஃபோவை முதல் தடவையா கேக்கப் போற யாரோ ஒருத்தர் இதைக் கேட்டுட்டு இவ்வளவுதானானு மூடி வெச்சிடுவார். பாட்டு வாரியா எத்தனை கட்டை ஏறியிருக்குன்னு எழுதின தாளை இதோட சேர்த்து அனுப்பியிருக்கேன், 15 நாளுக்குள்ள பதில் போடுங்க, போன்ல வேணாம், எழுத்துல வேணும்.

இப்படிக்கு,
உங்க வாடிக்கையாளர்