கோமுவுக்கு, சீடர் ஃபால்ஸிலிருந்து

அன்புள்ள கோமு,

நீ எழுதியதை லேபில் இரவு இரண்டரை மணிக்கு, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது படித்தேன். பதினோரு வருஷம் நீ கட்டிக் காத்த லேபை, நீயே பைப்பெட் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த பெண் கையில் கொடுத்துவிட்டு, உன்னை ஆலோசகர் என்று ஒரு மூலையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அன்றைக்கே பதில் போட்டிருந்தால் கண்டபடி திட்டி எழுதியிருப்பேன், அதனால்தான் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். கொஞ்சம் சோம்பலும் உண்டு, உனக்குத் தெரியாததா.

அப்புறம், சிரிக்காதே, இந்த மூன்று வாரமும் உன்னை நினைத்தபோதெல்லாம் கூடவே ஒரு அமெரிக்கக் கால்பந்துக்காரர் ஞாபகமும் வந்துகொண்டே இருந்தது. பேர் கர்ட் வார்னர். டியூட்டி முடிந்து காலையில் நான் பால் வாங்குகிற ஹை-வீ கடை இருக்கிறதே, இதே ஊரில் ஒரு ஹை-வீயில்தான் 1994-இல் அவர் மணிக்கு ஐந்தரை டாலர் கூலிக்கு இரவெல்லாம் அலமாரியில் டப்பா அடுக்கினார். இந்த ஊருக்கு யார் புதிதாக வந்தாலும் முதல் வாரத்திலேயே இந்தக் கதையைச் சொல்லிவிடுவார்கள், எனக்கும் சொன்னார்கள்.

ஆட்டத்தைப் பற்றி உனக்கு ஒன்றுமே தெரியாது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பேர்தான் கால்பந்து, காலால் உதைப்பது எப்போதாவதுதான். மற்ற நேரமெல்லாம் இரண்டு முனையும் கூம்பிய ஒரு பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதும் எறிவதும்தான். நாலு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், நம் பாட்டிமார் புடவையைவிட ஒரு கஜம் கூட, அவ்வளவுதான். பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் அது டச்டவுன். குவார்ட்டர்பேக் என்கிறவர் ஒவ்வொரு முறையும் பந்தை வாங்கி, இரண்டு மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவு செய்ய வேண்டும், அதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து நூற்றிருபது கிலோ ஆட்கள் நாலைந்து பேர் அவரைத் தரையில் சாய்க்க ஓடி வருவார்கள். அணிக்கு அந்த இடம் ஒன்றே ஒன்று. ஒருவர் ஆடினால் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் நிற்க வேண்டியதுதான். உன் லேப் மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளேன், நாற்காலி ஒன்றுதான்.

வார்னர் இங்கே இருக்கும் நார்தர்ன் அயோவா பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம் வரைக்கும் ஓரத்தில்தான் நின்றார். கல்லூரி முடித்தவர்களை என்.எஃப்.எல். என்கிற தொழில்முறை லீக்கின் அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும்போது யாரும் அவரை எடுக்கவில்லை. கிரீன் பே அணி பயிற்சிக்குக் கூப்பிட்டது, சீசன் தொடங்கும் முன்பே அனுப்பிவிட்டது. அப்போதுதான் டப்பா அடுக்குகிற வேலை. பிறகு மூன்று சீசன் டெமாயினில் அரீனா கால்பந்து, அதாவது கூரைக்குக் கீழே, பாதி நீள மைதானத்தில், பக்கச் சுவரில் மெத்தை கட்டி ஆடுகிற ஆட்டம். அவ்வளவு சின்ன இடத்தில் யோசிக்க நேரமே கிடையாது, பின்னாளில் அவர் பந்தைச் சட்டென்று கையைவிட்டு அனுப்பியதெல்லாம் அங்கே பழகியதுதான் என்பது என் கணக்கு. நடுவில் சிகாகோ அணி சோதித்துப் பார்க்கக் கூப்பிட்டபோது, தேனிலவுக்குப் போன இடத்தில் எறிகிற கையின் முழங்கையில் சிலந்தி கடித்து வீங்கி, அதுவும் போயிற்று. இதைக் கேட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பாவம்.

1999-இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸில் மாற்று ஆளாக உட்கார்ந்திருந்தார். சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்தில் முதல் குவார்ட்டர்பேக் டிரெண்ட் கிரீனுக்கு முழங்கால் போயிற்று. இவரை இறக்கினார்கள். முந்தைய வருஷம் நாலே ஆட்டம் ஜெயித்த அணி, அந்த வருஷம் பதின்மூன்று ஜெயித்தது. இவர் 41 டச்டவுன் எறிந்தார், லீக்கின் சிறந்த வீரர் என்று பட்டமும் வாங்கினார். 2000 ஜனவரி 30 அன்று அட்லாண்டாவில் டென்னசி அணியோடு சூப்பர் பௌல், அதாவது லீக்கின் இறுதி ஆட்டம். இரண்டு நிமிஷம் இருக்கும்போது 16-16 என்று சமம், எறிகிற நேரத்திலேயே ஒருவன் வந்து மோதுகிறான், அப்படியும் பந்து போய்ச் சேர்ந்து 73 கஜ டச்டவுன். கடைசி நொடியில் டென்னசி ஆளைக் கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் மடக்கிப் பிடித்தார்கள். அந்த ஒரு கஜத்தைப் பற்றி இங்கே இன்னும் பேசுகிறார்கள்.

எல்லாரும் கதையை இங்கே நிறுத்திவிடுவார்கள். எனக்கு இதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம், உனக்கும்தான்.

2001-இலும் சிறந்த வீரர் பட்டம் அவருக்கே. ஆனால் சூப்பர் பௌலில் நியூ இங்கிலாந்திடம், டாம் பிரேடி என்ற இரண்டாம் வருஷப் பையனிடம், மூன்று புள்ளியில் தோற்றார்கள். அதற்கப்புறம் எல்லாம் சரிவுதான். 2002-இல் அவர் தொடங்கிய ஆறு ஆட்டமும் தோல்வி, கையில் எலும்பு முறிவு வேறு. மனைவி பிரெண்டா வானொலி நிகழ்ச்சிக்கே போன் போட்டு, கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னதே நான்தான் என்று சண்டை பிடித்தார். ஊரே அந்தப் பெண்ணைக் கரித்துக்கொட்டியது, எனக்கென்னவோ அவரை ரொம்பப் பிடிக்கும். 2003 முதல் ஆட்டத்தில் மட்டும் ஆறு தடவை பந்து கையை விட்டு நழுவியது. அவ்வளவுதான், மார்க் பல்ஜர் என்ற இளையவருக்கு இடம் போயிற்று.

2004-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்குப் போனார். இதைக் கவனமாகப் படி. ஒன்பது ஆட்டத்தில் ஐந்து ஜெயித்து, நாலு தோற்றிருந்தார்கள், மோசமே இல்லை. ஆனால் அந்த வருஷத் தேர்வில் முதல் ஆளாக வந்த எலை மேனிங் ஓரத்தில் நிற்கிறான், அவனை ஆட வைத்தாக வேண்டும், வார்னரை உட்கார வைத்துவிட்டார்கள். உன்னைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் முதலில் நினைவுக்கு வந்தது இதுதான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், கோபப்படாதே. அந்தப் பையன் பின்னால் இரண்டு சூப்பர் பௌல் ஜெயித்தான். வார்னருக்கு நடந்தது அநியாயம், பையன் நல்ல ஆட்டக்காரன், இரண்டும் உண்மைதான். உன் இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண்ணும் கெட்டிக்காரி என்று நீயே முன்பு எழுதியிருக்கிறாய், ஞாபகம் இருக்கிறதா?

அடுத்து அரிசோனா கார்டினல்ஸ் அணிக்குப் போனார். அங்கேயும் அடுத்த வருஷமே மேட் லைனார்ட் என்ற கல்லூரி நட்சத்திரத்தைக் கொண்டுவந்தார்கள். மூன்றாவது முறை! இதற்குள் முப்பத்தைந்து வயது. அவர் செய்தது என்னவென்றால், பந்து நழுவாமல் இருக்க இரண்டு கையிலும் கையுறை மாட்டிக்கொண்டார், நிறைய குவார்ட்டர்பேக்குகள் அதை மாட்டமாட்டார்கள், ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். 2007-இல் லைனார்டுக்குக் காறை எலும்பு உடைந்தது, இடம் மறுபடி இவருக்கு வந்தது. 2008-இல் போட்டி போட்டே அதைப் பிடித்துக்கொண்டு, அதுவரை சூப்பர் பௌலையே எட்டிப் பார்க்காத கார்டினல்ஸை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். 35 நொடி மிச்சம் இருக்கும்போது பிட்ஸ்பர்க் ஒரு டச்டவுன் போட்டு 27-23 என்று ஜெயித்துவிட்டது, அது வேறு விஷயம்.

இதைச் சொல்லி, பொறுத்திரு, உனக்கும் காலம் வரும் என்று தேற்றப் போகிறேன் என்று நினைத்தாயானால், இல்லைடி. இரண்டு முறையும் இன்னொருவன் எலும்போ முழங்காலோ போனதால்தான் அவருக்கு வழி திறந்தது. நல்ல ஒப்பந்தம் போட்டு வந்து, அந்த வெற்றியையெல்லாம் ஓரத்தில் இருந்து பார்த்த டிரெண்ட் கிரீனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கேட்காது. உன் கல்லூரியில் யாருக்கும் முழங்கால் போக வேண்டாம்.

கடைசியாக ஒன்று. 2010 ஜனவரியில், முப்பத்தெட்டு வயதில், கிரீன் பேயோடு ஒரு ஆட்டம். ஆமாம், முதலில் துரத்திய அதே அணி. 33 தடவை எறிந்து 29 போய்ச் சேர்ந்தது, ஐந்து டச்டவுன். அடுத்த வாரம் நியூ ஆர்லியன்ஸில் ஒரு மோதலில் மூச்சடைத்து விழுந்தார். ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷமும் அதற்கான பெரிய தொகையும் இருந்தன. இரண்டு வாரத்துக்குள் போதும் என்று சொல்லிவிட்டார், இந்த முறை யாரும் எழுப்பவில்லை, அவராகவே எழுந்து போனார். ராஜினாமா செய்யட்டுமா என்று நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆனால் எழுந்து போகிற நாளை நீ பார்த்து வை, அவர்களிடம் விடாதே.

சரி, அந்தப் பெண் உன்னிடம் சந்தேகம் கேட்க வருகிறாளா, வந்தால் சொல்லிக்கொடுக்கிறாயா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறாயா? உண்மையை எழுது. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, என் இடது முட்டிக்கு என்னைவிட முன்னாலேயே தெரிகிறது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. பனங்கிழங்கு அவித்து வை, கொஞ்சம் நாராக இருந்தாலும் பரவாயில்லை.

உன்
வள்ளி