போட்டி முடிவு: இரவு 9 மணிக்கு மேல் மட்டும்

அண்ணாச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் திங்கள் இரவு நடக்கும் WWE மல்யுத்த நிகழ்ச்சி ‘ரா’ நமக்குச் செவ்வாய் விடிகாலையில் வந்துவிடுகிறது. பார்த்தவர்கள் உடனே யார் ஜெயித்தது என்று போட்டுவிடுகிறார்கள். மேலப்பாளையத்தில் ராத்திரி கடை ஷட்டரை இறக்கிவிட்டு ஆசையாகப் பார்க்க உட்காருகிறவர்களும் நம் ஆட்கள்தான். இனி செவ்வாய் இரவு 9 மணிக்குப் பிறகே முடிவைப் பேசுவோம். சனிக்கிழமை வரும் WWE-யின் இன்னொரு நிகழ்ச்சியான ஸ்மாக்டவுனுக்கும் அப்படியே. ஸ்டேட்டஸிலும் வேண்டாம்.

அப்புறம், ‘எல்லாம் நடிப்பு’ என்று யாராவது சொன்னால் மல்லுக்கு நிற்காதீர்கள். முடிவு முன்பே எழுதப்படுவது நமக்கும் தெரியும். 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க் போட்டியை மட்டும் அனுப்பிவையுங்கள். மல்யுத்த மேடையைச் சுற்றி மூடிய கம்பிக் கூண்டின் உச்சியிலிருந்து அண்டர்டேக்கர் வீச, மேன்கைண்ட் சுமார் 16 அடி கீழே வர்ணனையாளர் மேஜை மேல் விழுந்தார். மேஜை நொறுங்கியது, தோள்மூட்டு நழுவியது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனவர் பாதி வழியில் எழுந்து வந்து மறுபடியும் கூண்டில் ஏறினார்! அந்த நெஞ்சுரத்துக்குத்தான் நாம் ரசிகர்கள்.

பிள்ளைகள் சோக்ஸ்லாம் (கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் கீழே அடிப்பது) போட்டுப் பார்க்காமல் கவனித்துக்கொள்ளுங்கள். மெத்தை மேல் என்றாலும் கழுத்து கழுத்துதான்.

வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குப் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் சந்திப்போம். மல்யுத்த வீரர்கள் படம் போட்ட பழைய டிரம்ப் கார்டு வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். உயரம், எடை, ரேங்க் கேட்டு ஆடலாம், மூலை மடங்கியிருந்தாலும் பரவாயில்லை. என் சீட்டுக்கட்டில் கிரேட் காளி கார்டு இல்லை. இரண்டு வைத்திருப்பவர் ஒன்று தாருங்கள், பதிலுக்கு வீரர் கேன் (Kane) கார்டு தருகிறேன்.