பயோகெம் ஃபைனல் படிக்கிறவங்க இத பாருங்க

மக்களே, ஸ்ட்ரக்சர் மனப்பாடம் பண்ணியே ராத்திரி பூரா ஓட்டாதீங்க, மார்க் போறது எல்லாம் கணக்குலதான். கிளைசின்ங்கிற அமினோ அமிலத்துக்கு பிகேஏ (ஒரு குரூப் பாதி அளவு புரோட்டானை விட்டிருக்கிற pH) 2.34, 9.60, ரெண்டையும் கூட்டி பாதி எடுத்தா பிஐ (நெட் சார்ஜ் ஜீரோ ஆகுற pH) 5.97 வந்துரும், ஆனா மூணு பிகேஏ இருக்கிற அஸ்பார்டேட் கேட்டா மூணையும் கூட்டி மூணால வகுத்துட்டு வந்து நிக்காதீங்கப்பா, நெட் சார்ஜ் ஜீரோவா இருக்கிற ஃபார்முக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற பிகேஏ மட்டும்தான் எடுக்கணும், அதாவது 1.88 அப்புறம் 3.65, சோ 2.77.

என்சைம் கைனடிக்ஸ்ல (என்சைம் வேலை செய்ற வேகத்தோட கணக்கு) லைன்வீவர் பர்க் கிராஃப (1/வேகம், 1/சப்ஸ்ட்ரேட் அளவு போடுற கிராஃப்) கையால ஒரு தடவ போட்டு பாருங்க. காம்பெடிட்டிவ் இன்ஹிபிட்டர்னா (சப்ஸ்ட்ரேட்டோட இடத்துக்கே போட்டி போட்டு என்சைமை தடுக்கிறது), அது இருக்கிறப்ப, இல்லாதப்ப வர்ற கோடு ரெண்டும் ஒய் ஆக்சிஸ்ல ஒரே இடத்துல வெட்டும் ஏன்னா விமேக்ஸ் (அதிகபட்ச வேகம்) மாறாது, கேஎம்தான் (அதுல பாதி வேகத்துக்கு வேண்டிய சப்ஸ்ட்ரேட் அளவு) கூடும். ப்யூர் நான் காம்பெடிட்டிவ்னா (வேற இடத்துல ஒட்டி தடுக்கிறது) எக்ஸ் ஆக்சிஸ்ல வெட்டும்.

கிளைக்காலிசிஸ் (குளுக்கோஸ் பைருவேட்டா உடையுறது) 10 ஸ்டெப்பும் தெரியணும்தான், ஆனா நேரம் இல்லாதவங்க ஹெக்சோகைனேஸ், பிஎஃப்கே (பாஸ்ஃபோஃப்ரக்டோகைனேஸ்), பைருவேட் கைனேஸ்னு மூணு என்சைமையும் முதல்ல முடிங்க, ரிவர்ஸ் ஆகாத ஸ்டெப் இதுதான், ரெகுலேஷன் கேள்வியும் இங்கதான் சுத்தும். ஒரு குளுக்கோஸுக்கு நெட் 2 ஏடிபி (செல்லுக்கு எனர்ஜி தர்றது), 2 என்ஏடிஹெச் (எலக்ட்ரானை தூக்கிட்டு போறது). அதே குளுக்கோஸோட முழு ஆக்சிடேஷனுக்கு பழைய புக்ல 36, 38 ஏடிபினு இருக்கும், இப்ப 30 இல்ல 32தான், மேம் நோட்ஸ்ல எது இருக்கோ அத எழுதிட்டு போயிடுங்க, ஹால்ல போய் சண்டை வேணாம் 😅

பஃபர் (pH அவ்வளவா மாறாம பாத்துக்கிற கரைசல்) கணக்கு சால்வ் பண்ணவங்க பிடிஎஃப்பா போடுங்க ப்ளீஸ், தலைகீழா எடுத்த ஃபோட்டோ வேண்டவே வேண்டாம்.